நாற்பதும் அறுபதும் இருபத்து நான்கும்

கேள்வி: தாராபுரத்து வாசகர் ஒருவர், ஜூன் 11

என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வைக்கும் தேர்வில் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை; எல்லாப் பாடங்களையும் கலந்து கேட்டால் அறுபதைத் தாண்டுவதில்லை. வீட்டில் ஒரு கணக்கைக் கொடுத்தால், "இது எந்தப் பாடத்துக் கணக்கு என்று சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்" என்கிறாள். பாடங்களுக்கு இடையே உள்ள தொடர்பைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். நிறையக் கணக்குகளைப் போட்டுப் பழகினால் தொடர்பு தானாக வந்துவிடும், அதைத் தனியாகச் சொல்லிக் கொடுப்பது நேர விரயம் என்பது என் கருத்து. கணக்கு ஆசிரியர்கள் யாரேனும் இருந்தால் மறுத்துச் சொல்லலாம்.

ஜூன் 12, இரவு

மறுக்கிறேன். பெருந்துறைக்கு அருகில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். தானாக வந்துவிடும் என்று முதல் பத்தாண்டுகள் நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை போன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்று கரும்பலகையில் நான்கு கணக்குகளை எழுதினேன். ஒரு குழாய் தொட்டியை 40 நிமிடத்திலும் இன்னொரு குழாய் 60 நிமிடத்திலும் நிரப்பும் என்றால், இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எத்தனை நிமிடத்தில் நிரம்பும்? 40 ஓம், 60 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை என்ன? (நூலின் மெல்லிமையைச் சொல்லும் எண் கவுண்ட்; எண் கூடினால் நூல் மெலியும்) நாற்பதாம் கவுண்ட் நூலையும் அறுபதாம் கவுண்ட் நூலையும் சேர்த்து முறுக்கினால் வரும் இரட்டை நூல் எத்தனையாவது கவுண்ட்? ஒரு பேருந்து ஈரோட்டிலிருந்து கோவைக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? நான்கிற்கும் விடை 24.

குழாய்க் கணக்கை வேலை நேரக் கணக்கு என்று அடையாளம் கண்டு போட்டார்கள். மின்தடைக் கணக்கை அறிவியல் பாடத்துச் சூத்திரத்தில் போட்டார்கள். நூல் கணக்குக்குச் சூத்திரம் இல்லாததால் பாதிப் பேர் கூட்டிப் பாதியாக்கி 50 என்று எழுதினார்கள். நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும் எழுந்து, "ரெண்டையும் சேத்து முறுக்குனா நூலு தடிமனாகுமுங்க சார், அப்ப கவுண்ட் நாப்பதுக்குக் கீழதானுங்க வரோணும்" என்றான். அவ்வளவுதான். மூன்று இடத்தில் ஒரே எண் வந்து நிற்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

பொறுக்க முடியாமல் நானே விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் குறிப்பேடுகளைத் திருத்தும்போது பார்த்தால், ஒரு பெண் நான்கு சூத்திரங்களையும் வரிசையாக எழுதிவிட்டு, ஐந்தாவதாக "24 வரும் கணக்குகள்" என்று தலைப்பிட்டுப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். தொடர்பு என்று நான் கொடுத்ததை அவள் இன்னொரு பாடமாக வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 12, நள்ளிரவுக்குச் சற்று முன்

திருத்தம். பேருந்துக் கணக்கின் விடை 24 அல்ல, 48. நாற்பதிலும் அறுபதிலும் ஓடிய வண்டியின் சராசரி நாற்பதுக்குக் கீழே போகாது என்பதைக் கூடப் பார்க்காமல், மற்ற மூன்றோடு சேர்த்து எழுதிவிட்டேன். தூரம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக 1/40 மணி, வர 1/60 மணி, ஆக 1/24 மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர். அதனால் இரட்டிப்பு. தொடர்பைப் பற்றிப் பாடம் எடுப்பவனே தொடர்பில் மயங்கி விழுந்ததை இந்த இழையின் முதல் சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 15

நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சொல்லும் அன்பர் ஒருவர், முறுக்கும்போது நூலின் நீளம் சற்றுக் குறையும், ஆகவே உண்மையில் கிடைப்பது 24-க்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும் என்று சுட்டிக்காட்டியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் புத்தகத்து நூல் சுருங்காது, கணக்குப் புத்தகத்துக் குழாயும் ஒழுகாது.

கவுண்ட் என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுதான் கவுண்ட். நாற்பதாம் கவுண்டில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம், அதாவது 33,600 கஜம். எண் கூடக் கூட நூல் மெலியும். திருப்பூரிலும் பெருந்துறையிலும் நூலோடு புழங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விரல் நுனியில் தெரியும். எதிர் விகிதம் என்று நாம் ஏழாம் வகுப்பில் நடத்துவது இதைத்தான் என்பது மட்டும் தெரியாது.

ஆலையில் ஒரு சிட்டம் முழுவதையும் சுற்றி எடை போடுவதில்லை. அதில் ஏழில் ஒரு பங்கான 120 கஜத்தைச் சுற்றி எடுத்து நிறுப்பார்கள். ஒரு பவுண்டு 453.6 கிராம், அதில் ஏழில் ஒரு பங்கு 64.8 கிராம். எனவே 64.8-ஐ அந்த 120 கஜத்தின் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவியின் தாயார் ஆலையில் கேட்டு வாங்கிக் கொடுத்த இரண்டு துண்டு நூலை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றும் 120 கஜம். நகை நிறுக்கும் சிறிய மின்தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். நாற்பதாம் நூலை வைத்தோம்: 1.62 கிராம். அறுபதாம் நூலை வைத்தோம்: 1.08 கிராம். மின்விசிறி ஓடியதால் எண் நிலைகொள்ளாமல் ஆட, ஒருவன் ஓடிப் போய் விசிறியை நிறுத்தினான். பிறகு இரண்டையும் ஒன்றாகத் தட்டில் வைத்தோம்: 2.70 கிராம். 64.8-ஐ 2.70-ஆல் வகுத்தால் 24.

தராசில் அந்த எண் வந்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்பக் கூடறது கவுண்ட் இல்லீங்க சார், எடைதானுங்க." இத்தனை ஆண்டுகளில் நான் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தப் பையன் ஐந்தாறு சொற்களில் முடித்துவிட்டான். நூலில் கூடுவது எடை. குழாயில் கூடுவது ஒரு நிமிடத்தில் விழும் தண்ணீர். பக்க இணைப்பில் கூடுவது மின்னோட்டம். பேருந்தில் கூடுவது நேரம். நான்கு கணக்குகளையும் பிணைப்பது "தலைகீழாக்கிக் கூட்டு" என்னும் கட்டளை அல்ல, "இங்கே எது கூடுகிறது?" என்னும் கேள்வி. அன்று முதல் சூத்திரத்தைக் கேட்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

ஜூன் 19

அனுபவம் மட்டும் போதாது, ஆய்வு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். நான் படித்தவற்றில் மூன்று.

இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஸ்கெம்ப் 1976-இல் இரண்டு வகைப் புரிதலைப் பிரித்துக் காட்டினார். விதியைக் கையாளத் தெரிவது ஒன்று. விதி ஏன் செல்லுகிறது என்று தெரிவது மற்றொன்று. புதிய ஊருக்குக் குடிவந்தவர் இன்ன இடத்துக்கு இன்ன வழி என்று நாலைந்து வழிகளை மட்டும் மனப்பாடம் செய்வதற்கும், ஊரின் வரைபடமே மனதில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடாக அதை அவர் விளக்கினார். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் முதலாமவர் தொலைந்து போவார். தாராபுரத்து மகள் கேட்கும் "எந்தப் பாடம்?" என்பது, "எந்தப் பேருந்தில் ஏற வேண்டும்?" என்று கேட்பது போன்றது. நடந்தே போய்விடலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பிரேசிலின் ரெசிஃபே நகரில் கராஹர் இணையரும் ஷ்லீமனும் நடத்தி 1985-இல் வெளியிட்ட ஆய்வு. தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலச் சென்று விலை கேட்டபோது, 98 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன. அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான். 12 வயதுத் தேங்காய் வியாபாரி ஒருவனிடம், ஒரு காய் 35 குருசேரோ என்றால் பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டார்கள். பத்தால் பெருக்கப் பூச்சியம் சேர்த்தால் போதும் என்பது அவன் வழியில் இல்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் மூன்று சேர்ந்தால் 315, ஒன்று மீதி, ஆக 350 என்று போனான். பொள்ளாச்சிச் சந்தையில் தேங்காயைக் கைக்கு இரண்டாக எடுத்து எண்ணிப் போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பையன் அந்நியமாகத் தோன்ற மாட்டான்.

மூன்றாவதுதான் என்னைத் திருத்தியது. அமெரிக்காவில் கிக், ஹோலியோக் என்னும் இருவர் 1980-களின் தொடக்கத்தில் செய்த சோதனை. கோட்டையைப் பிடிக்கப் போன தளபதி, ஒரே சாலையில் பெரும்படையை அனுப்ப முடியாததால் சிறு படைகளாகப் பிரித்துப் பல சாலைகளில் அனுப்பினான் என்று ஒரு கதையைப் படிக்கத் தந்தார்கள். பிறகு, உடலுக்குள் இருக்கும் கட்டியை, நல்ல தசையைக் கெடுக்காமல் கதிர்வீச்சால் அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். பல திசைகளிலிருந்து வலுக்குறைந்த கதிர்களை ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும் என்பதே விடை. கதையைப் பயன்படுத்துங்கள் என்று குறிப்புக் கொடுத்தபோது சுமார் முக்கால் பங்கினர் விடை கண்டார்கள்; குறிப்பு இல்லாதபோது அதில் பாதியளவு கூட இல்லை. ஒரே கருத்துள்ள இரண்டு கதைகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னபோது நிலைமை மேம்பட்டது.

இதைப் படித்த பிறகு, ஜூன் 12-இல் நான் எழுதியதில் ஒரு பாதியைத் திரும்பப் பெறுகிறேன். சொல்லிக் காட்டுவது வீண் என்பது போன்ற தொனி அதில் இருக்கிறது. குறிப்புக் கொடுப்பது பிழையல்ல. நான்கையும் ஒரே மூச்சில் கொட்டியதுதான் பிழை. இரண்டை மட்டும் அருகருகே வைத்து, ஒற்றுமை என்ன, வேற்றுமை என்ன என்று அவர்களையே எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 20

"இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது? பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா?" என்று கேட்டவருக்கு: தராசுக்கு ஒரு பாடவேளை ஆனது. அதற்கு முன்பு அதே நான்கு வகைக் கணக்குகளுக்கு, திருப்புதலையும் சேர்த்து, பதினொரு பாடவேளை செலவழித்திருந்தேன்.

ஜூலை 2

தேங்காய்ப் பேச்சு வந்ததால் தோப்புக்குள்ளும் ஒரு நடை போய் வருகிறேன். ஒரு மாணவனின் அப்புச்சிக்கு ஆனைமலைப் பக்கம் தோப்பு. கன்றுக்குக் கன்று 25 அடி விட்டுச் சதுரமாக நட்டால் ஏக்கருக்கு 70 மரம் என்பது அவர் வாக்கு. 43,560 சதுர அடியை 625-ஆல் வகுத்தால் 69.7, வாக்குச் சரி. முக்கோண நடவில் பத்து மரம் கூடுதலாகப் பிடிக்கும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அது எப்படி, இடைவெளி அதே 25 அடிதானே என்று பையன் கேட்டான்.

கேள்வியை வகுப்பிடமே விட்டேன். அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் 25 அடி அல்ல, 25 அடிப் பக்கம் கொண்ட சமபக்க முக்கோணத்தின் உயரம், அதாவது சுமார் 21.65 அடி என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு இருபது நிமிடம் ஆனது. ஒரு மரத்துக்கு 541 சதுர அடி, ஏக்கருக்கு 80 மரம். முக்கோணவியல் பாடத்தில் 60 பாகையின் சைன் மதிப்பு என்று அட்டவணையில் மனப்பாடம் செய்த எண், அப்புச்சியின் பத்து மரங்களாக வெளியே வந்து நின்றது. எல்லைக் கோட்டோரத்து இழப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அவர் பேரன் மூலம் சொல்லியனுப்பினார். அதுவும் சரி.

ஜூலை 21

இதுவரை எழுதியவற்றைப் படித்துவிட்டு என்னைப் பாராட்டியவர்களுக்கு ஒரு தோல்வியையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் "எது கூடுகிறது?" என்னும் கேள்வியை ஒரு மாதமாகப் பழக்கினேன். போன வாரம் ஒரு சிறு தேர்வில் வேண்டுமென்றே எளிய கணக்கு ஒன்றை இடையில் செருகினேன்: ஒரு கறவை மாடு காலையில் 8 லிட்டரும், இன்னொன்று 12 லிட்டரும் கறந்தால், பால் சொசைட்டிக்கு மொத்தம் எவ்வளவு பால் போகும்? ஏழு பேர் 1/8, 1/12 என்று எழுதி, கூட்டி, தலைகீழாக்கி, 4.8 லிட்டர் என்று விடை எழுதியிருந்தார்கள். அந்த எழுவரில் மூவர் வீட்டில் மாடு இருக்கிறது. தினமும் விடியற்காலையில் சொசைட்டிக்குத் தூக்குப்போசியைச் சுமந்து போகும் பையனும் அவர்களில் ஒருவன். அவனை அழைத்து, "ரெண்டு மாட்டையுஞ் சேத்துக் கறந்தா, ஒத்த மாட்டுல கறக்கறதுக்கும் கீழ கொறஞ்சு போகுமா கண்ணு?" என்று கேட்டேன். விடைத்தாளைப் பார்த்துவிட்டு அவனே சிரித்தான்.

இரவு முழுக்க யோசித்தேன். கேள்வியைக் கொடுத்தேன், ஆனால் நான் கொடுத்த ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் தலைகீழே விடையாக இருந்தது. ஆகவே கேள்வி தேய்ந்து கட்டளையாகிவிட்டது. ஒத்துப்போகும் கணக்குகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது தொடர்பை அல்ல, ஆசிரியரின் பழக்கத்தை. இப்போது ஒவ்வொரு முறையும் மூன்று கணக்குகளில் ஒன்றை வெளியாளாக வைக்கிறேன்: பக்க இணைப்பு ஒன்று, குழாய் ஒன்று, தொடரிணைப்பு ஒன்று. எது இந்தக் கூட்டத்தில் சேராது, ஏன் என்பதே கேள்வி. ஜூன் 19-இல் ஒற்றுமையை முதலிலும் வேற்றுமையை இரண்டாவதாகவும் எழுதியிருந்தேன். வரிசையை மாற்றி வாசிக்கவும்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

விடுமுறையாதலால் நீண்ட குறிப்பு. ஆடி பதினெட்டு என்றாலே பேச்சு மேட்டூர் அணைக்குப் போய்விடும். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 100 அடியாக இருக்கும் நாளில் இருப்பு 64.8 என்ற அளவிலும், 90 அடியில் 52.6 என்ற அளவிலும் செய்தித்தாளில் வரும். அடிக்கு இவ்வளவு என்று நேர் விகிதத்தில் போட்டால் 100 அடிக்கு 78 வர வேண்டும், அவ்வளவு வருவதில்லை.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்த எண்களோடு மல்லுக்கட்டி, 100/120-ஐ வர்க்கப்படுத்தி 93.47-ஆல் பெருக்கினால் 64.9 வருகிறது, 90/120-ஐ அப்படியே செய்தால் 52.6 வருகிறது என்று காட்டினாள். எனக்கே வியப்புத்தான். ஏன் வர்க்கம் என்று கேட்டேன். பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருந்தால், உயரம் பாதியாகும்போது அகலமும் பாதியாகும், பரப்பு கால் பங்காகும் என்று வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு சொன்னாள். கூம்பாக இருந்தால் முப்படி வந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். உண்மையான பள்ளத்தாக்கு கோணல்மாணலானது. இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவதில் தற்செயலுக்கும் பங்குண்டு என்று எச்சரித்து வைத்தேன். எல்லா அணைக்கும் இதே விதியை ஒட்ட வைக்கக் கூடாது.

பிறகு அவள் கேட்டதுதான் வேடிக்கை. "நூலுலயும் 64.8, அணையிலயும் 64.8. இதுக்கும் ஏதாச்சும் தொடர்பு இருக்குங்களா சார்?" ஒன்று பவுண்டில் ஏழில் ஒரு பங்கு, இன்னொன்று ஆறு அறுத்த பள்ளத்தின் கொள்ளளவு. தொடர்பு எதுவும் இல்லை என்று சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. 12 ஆண்டுகளுக்கு முன் மூன்று 24-கள் வரிசையாக நின்றபோது கேட்க ஆளில்லாமல் போன கேள்வி அது.

செப்டம்பர் 27

காலாண்டுத் தேர்வு முடிந்தது. தாராபுரத்து வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார். மகளின் மதிப்பெண் 71. தன் கருத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை, பயிற்சி குறைந்தால் எதுவும் நடக்காது என்கிறார். அதில் எனக்கும் மாறுபாடில்லை.

கூடவே மகள் எழுதிய ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். வடிவியல் பாடத்தில் ஒரு பயிற்சிக் கணக்கு உண்டு. இரண்டு கம்பங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் மற்றதன் அடிக்குக் கயிறு கட்டினால், கயிறுகள் வெட்டிக்கொள்ளும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது கேள்வி. அந்தப் பெண் கம்பங்களுக்கு 40 அடி, 60 அடி என்று தானே உயரம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். விடை 24. கம்பங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருந்தாலும் 24.

அந்தக் கணக்கை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் போட்டு வருகிறேன். நூலும் குழாயும் அதற்குள் இருப்பதை ஒரு நாளும் கண்டதில்லை. தாளின் அடியில், "இங்கே எது கூடுகிறது?" என்று எழுதிக் கீழே கோடிட்டு, விடை எழுதாமல் விட்டிருந்தாள்.

செப்டம்பர் 28, காலை

கூடுவது தரை. கயிறுகள் வெட்டும் இடத்திலிருந்து தரைக்கு நேராக ஒரு கோடு இறக்கினால், கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு துண்டாகிறது. வெட்டும் உயரத்தை 60-ஆல் வகுத்தால் வருவது முழுத் தூரத்தில் ஒரு துண்டின் பங்கு. 40-ஆல் வகுத்தால் வருவது மற்றத் துண்டின் பங்கு. இரண்டு பங்கும் சேர்ந்தால் ஒன்று. 24-க்கு 2/5, 3/5. வடிவொத்த முக்கோணங்கள் இரண்டு இணை போதும். எனக்கு நேற்று இரவு பதினொரு மணி வரை ஆனது. அதற்குள் அவளும் கண்டுபிடித்துவிட்டதாக அவள் வீட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது. அவள் துண்டுகளை 2, 3 என்று வைத்துப் போட்டிருக்கிறாள், பின்னமே இல்லாமல்.